டிம்மா, பிரைட்டா? புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு விளக்குப் பாடம்

டிரைவிங் ஸ்கூல் வகுப்பு பெரும்பாலும் விடிந்த பிறகு நடக்கிறது. ஆர்.டி.ஓ. டெஸ்டும் பகலில்தான். அதனால் லைசென்ஸ் கைக்கு வந்த பலர், பக்கத்தில் சொல்லித்தர ஆளில்லாத ஓர் இரவில்தான் முதல்முறை ஹெட்லைட்டைப் போட்டு ஓட்டுகிறார்கள். அந்த இரவுக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டியவை இவை.

முதலில் கை பழகட்டும்

நம்மூரில் ஓடும் பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் இருக்கும் தண்டுதான் விளக்குத் தண்டு. ஐரோப்பியக் கம்பெனிக் கார்களில் விளக்கைப் போடும் திருகு டேஷ்போர்டிலும், டிம்-பிரைட் தண்டு இடப்பக்கமும் இருக்கும். தண்டின் முனையை ஒரு முறை திருப்பினால் பார்க்கிங் லைட். முன்னால் சின்ன விளக்கு, பின்னால் டெயில் லைட், நம்பர் பிளேட் லைட் மூன்றும் எரியும். இன்னொரு முறை திருப்பினால் ஹெட்லைட். தண்டைத் தள்ளினால் பிரைட்டில் நிற்கும். உங்கள் பக்கம் இழுத்து விட்டால் பிரைட் ஒரு முறை மின்னி அணையும். சில புதிய கார்களில் இது கொஞ்சம் மாறும் என்பதால், வண்டியை நிறுத்திவைத்தே கண்ணால் பார்க்காமல் பத்து முறை போட்டுப் பழகிவிடுங்கள்.

மீட்டரில் பச்சை விளக்குச் சின்னம் டிம் அல்லது பார்க்கிங். நீலச் சின்னம் பிரைட். ஊருக்குள் ஓட்டும்போது நீலம் தெரிந்தால் தப்பு நடக்கிறது என்று பொருள்.

பகலிலும் எரியும் டி.ஆர்.எல். விளக்கு உள்ள கார்களில் ஒரு பொறி உண்டு. முன்னால் வெளிச்சம் தெரிகிறது, டேஷ்போர்டும் ஒளிர்கிறது, தெருவிளக்கும் இருக்கிறது. ஹெட்லைட் எரிகிறது என்றே நினைத்து ஓட்டுவோம். பல கார்களில் டி.ஆர்.எல். மட்டும் எரியும்போது பின்னால் டெயில் லைட் எரியாது. பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் இருட்டில் ஓர் இருட்டு. 'ஆட்டோ' என்ற இடத்தில் வைத்திருந்தாலும் இதே கதைதான். அந்த சென்சார் வெளிச்சத்தை அளக்கிறது, மழையையோ பனிமூட்டத்தையோ அளப்பதில்லை. பகல் மழையில் நீங்களே திருப்பிப் போட வேண்டும்.

சட்டம் சூரியன் மறைந்த அரைமணி நேரத்திலிருந்து விளக்கு எரிய வேண்டும் என்கிறது. அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டாம். அந்தி மங்கலில் உங்களுக்குச் சாலை தெரியும். சாம்பல் நிறக் கார் அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாது.

டிம் வெளிச்சத்துக்கு ஏற்ற வேகம்

ஒழுங்காக இருக்கும் டிம் வெளிச்சத்தில், கறுப்பு உடையில் சாலையோரம் நடப்பவர் 40, 50 மீட்டரில்தான் கண்ணில் படுவார். இனிக் கணக்கைப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 17 மீட்டர் ஓடும். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்றால் 25 மீட்டர் அதிலேயே போய்விடும். காய்ந்த தார்ச்சாலையில் நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45. அதாவது, டிம்மில் 60 என்பதே விளிம்பு. 80-ல் இதே கணக்கு 70 மீட்டரைத் தொடுகிறது. 100-ல் கிட்டத்தட்ட 100 மீட்டர். நான்குவழிச் சாலையில் டிம்மை மட்டும் நம்பி 100-ல் போகிறவர், விளக்கு அணைந்து நிற்கும் லாரியைப் பார்க்கும்போது பிரேக் பிடிக்க நேரம் முடிந்திருக்கும்.

அதனால் எதிரே வண்டி இல்லாத, தெருவிளக்கு இல்லாத சாலையில் பிரைட்டைத் தயங்காமல் போடுங்கள். அதற்காகத்தான் அது இருக்கிறது. எதிர்வண்டியின் வெளிச்சம் தெரிந்ததும் டிம்முக்கு இறங்குங்கள். அவர் இறக்குவதற்காகக் காத்திருக்காதீர்கள். முன்னால் போகும் வண்டியை நெருங்கும்போதும் டிம்தான். உங்கள் பிரைட் அவருடைய மூன்று கண்ணாடிகளிலும் அடிக்கும். வளைவில் எதிரே வெளிச்சம் விரிவது தெரிந்தாலே, வண்டி தெரியும் முன்பே இறக்கிவிடலாம். சைக்கிளில் வருபவருக்கும் நடந்து வருபவருக்கும் கண் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

எதிரே வருபவர் இறக்கவே இல்லையா? ஒரு முறை மின்னிக் காட்டுங்கள். அப்போதும் இறக்காவிட்டால் பதிலுக்குப் பிரைட் போடுவதில் பயன் இல்லை. கண் கூசிய இரண்டு பேர் எதிரெதிரே வருவதுதான் மிச்சம். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்து, பார்வையைச் சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டுக்கு மாற்றுங்கள். அவர் கடந்த பிறகும் சில விநாடிகள் கண் தெளியாது. உடனே வேகமெடுக்க வேண்டாம். பின்னால் வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணாடியில் அடித்தால், உள்கண்ணாடிக்குக் கீழே தொங்கும் சின்ன நெம்பை மடக்குங்கள். பிம்பம் மங்கி, கூச்சம் போய்விடும். பல வருடம் ஓட்டியவர்களில்கூடச் சிலருக்கு அந்த நெம்பு எதற்கென்றே தெரியாது.

விளக்கை மின்னுவதற்கு நம்மூர் அர்த்தம் 'நான் வருகிறேன், நீ நில்'. அதே மின்னலை 'நீ போ' என்று நினைத்துச் செய்பவர்களும் உண்டு. ஆகவே எதிரே மின்னினால் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். வண்டி நிஜமாகவே மெதுவாகிறதா என்று பார்த்த பிறகே நகருங்கள்.

மழை, பனி, மலை

கனமழையிலும் மூடுபனியிலும் பிரைட் போட்டால் வெளிச்சம் துளிகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும். டிம் போடுங்கள். ஃபாக் லேம்ப் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது தாழ்வாகப் பொருத்தப்பட்டு, குட்டையாகவும் அகலமாகவும் ஒளி வீசுவதால் சாலையின் ஓரக் கோடு தெரியும். தெளிந்த இரவில் அதற்கு வேலை இல்லை. பின்பக்க ஃபாக் லேம்ப் உள்ள கார்களில் பனி விலகியதும் அதை அணைத்துவிட வேண்டும். எப்போதும் பிரேக் பிடித்தது போலச் சிவந்து எரிந்தால், பின்னால் வருபவர் உண்மையான பிரேக்கைக் கவனிக்கமாட்டார்.

வால்பாறை ஏற்றத்தில் 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. இரவில் இத்தகைய வளைவில் ஹெட்லைட் நேராகத்தான் அடிக்கும், சாலையோ மடங்கிப் போகும். திரும்பும் இடம் இருட்டாகவே இருக்கும். வளைவுக்கு முன் இரண்டு முறை டிம்-பிரைட் மாற்றிக் காட்டுங்கள். மறுபக்கப் பாறையில் அந்த வெளிச்சம் ஆடுவது மேலிருந்து வருபவருக்கு ஹாரனைவிடத் தெளிவான சேதி. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும்.

நாலு இண்டிகேட்டர் எதற்கு

நாற்சந்தியில் நேராகப் போகிறேன் என்று காட்ட நாலு இண்டிகேட்டரையும் போடுவது நம் சாலைகளில் பரவிவிட்ட தவறு. இடப்பக்கம் நிற்பவருக்கு உங்கள் இடது விளக்கு மட்டும் தெரியும்; நீங்கள் இடது திரும்புவதாக நினைத்து அவர் வண்டியை எடுப்பார். வலப்பக்கம் நிற்பவர் வலது என்று நினைப்பார். நேராகப் போக எந்தச் சைகையும் தேவையில்லை. மழையில் ஓடிக்கொண்டே அதைப் போடுவதும் அப்படித்தான்: நீங்கள் நின்றிருக்கிறீர்களா நகர்கிறீர்களா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது, நீங்கள் தடம் மாறும்போது இண்டிகேட்டரும் வேலை செய்யாது. வண்டி பழுதாகி நின்றால் மட்டும், நாலையும் எரியவைக்கும் சிவப்பு முக்கோணப் பொத்தானை அழுத்துங்கள்.

லாரியின் வலது இண்டிகேட்டருக்குப் பல பொருள் உண்டு. எதிரே வண்டி வருகிறது, முந்தாதே என்பது ஒன்று. நான் வலது திரும்பப் போகிறேன் என்பது இன்னொன்று. எதிரே வருபவருக்குத் தன் அகலத்தைக் காட்டுவது மூன்றாவது. எதுவாக இருந்தாலும் முந்தாமல் இருப்பதே சரி. இடது இண்டிகேட்டர் போட்டு 'வா' என்றாலும், அவர் பார்த்ததை நம்பாமல் நீங்களே பார்த்து முந்துங்கள்.

மாதத்துக்கு ஒரு மாலை

சோதனைக்கு இன்னொரு ஆள் தேவையில்லை. இருட்டியதும் சுவருக்கோ கடை ஷட்டருக்கோ எதிரே வண்டியை நிறுத்தி, பார்க்கிங், டிம், பிரைட், இரண்டு இண்டிகேட்டர், ஃபாக் என்று வரிசையாகப் போட்டுப் பாருங்கள். பிறகு வண்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டி, பிரேக் மிதித்தால் இரண்டு சிவப்பும் நடுவில் உயரத்தில் உள்ள மூன்றாவதும் கண்ணாடியில் தெரிய வேண்டும். ரிவர்ஸ் கியர் போட்டால் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். நம்பர் பிளேட் விளக்கை இறங்கித்தான் பார்க்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் செல்போனைப் பின்னால் சாய்த்துவைத்து வீடியோ எடுங்கள்.

இண்டிகேட்டர் திடீரென்று இரட்டை வேகத்தில் 'டிக் டிக்' என்று அடித்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் போய்விட்டது. சுமை குறைந்ததை வண்டி அப்படித்தான் சொல்லும்.

எச்4 பல்பை நீங்களே மாற்றலாம்

சாதாரண ஹாலஜன் ஹெட்லைட் உள்ள பல கார்களில் எச்4 வகை பல்ப் இருக்கும்: 12 வோல்ட், 60/55 வாட்ஸ். ஒரே பல்புக்குள் இரண்டு இழை. பிரைட் இழை 60, டிம் இழை 55. டிம் போய் பிரைட் மட்டும் எரிந்தால் ஓர் இழை அறுந்தது என்று பொருள். பல்பையே மாற்ற வேண்டும். சில கார்களில் டிம்முக்கு எச்7, பிரைட்டுக்கு வேறு என்று தனித்தனியாக இருக்கும். கையேட்டிலோ பழைய பல்பின் அடியிலோ எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

1. இன்ஜினையும் விளக்கையும் அணைத்து, பத்து நிமிடம் ஆறவிடுங்கள். எரிந்த ஹாலஜன் பல்ப் தோலைச் சுட்டுவிடும்.
2. பானட்டைத் திறந்து, ஹெட்லைட்டின் பின்பக்கம் உள்ள மூன்று முள் கனெக்டரை நேராகப் பின்னுக்கு இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பேட்டரியோ வாஷர் டப்பாவோ கையை மறைத்தால் முதலில் அதை நகர்த்துங்கள். பேட்டரியைக் கழற்றினால் நெகட்டிவ் முனையை முதலில் எடுங்கள்.
3. ரப்பர் மூடியை அதன் காதைப் பிடித்து உரியுங்கள். உள்ளே கம்பி கிளிப் இருக்கும். அதை அழுத்திப் பக்கவாட்டில் விலக்கினால் பல்ப் கையோடு வரும். கிளிப் எந்தப் பக்கம் மாட்டியிருந்தது என்று கழற்றும் முன் ஒரு படம் எடுத்துவைத்தால் மாட்டும்போது திணற வேண்டியதில்லை.
4. புதிய பல்பின் கண்ணாடியைத் தொடாதீர்கள்; உலோக அடியை மட்டும் பிடியுங்கள். விரல் எண்ணெய் ஒட்டிய இடம் மட்டும் அதிகம் சூடாகி, பல்ப் சீக்கிரம் போகும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து உலரவிடுங்கள்.
5. அடியில் மூன்று காதுகள் உண்டு. அகலமானது மேலே வருமாறு வைத்தால்தான் சரியாக உட்காரும். கிளிப்பை மாட்டி, ரப்பர் மூடியைச் சுற்றிலும் அழுத்தி, கனெக்டரைச் செருகுங்கள். மூடியில் ஓர் ஓரம் தூக்கியிருந்தால் அடுத்த மழையில் விளக்குக்குள் தண்ணீர்.

ஒரு பக்கம் போனால் இரண்டு பக்கமும் மாற்றுவதே புத்திசாலித்தனம். ஒரே நாளில் மாட்டியவை ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் போகும். பின்பக்க பிரேக்-டெயில் பல்பும் பல கார்களில் இரண்டு இழை கொண்டது, 21 வாட்ஸும் 5 வாட்ஸும். அதன் பக்கவாட்டு முனைகள் ஒன்று உயரமாகவும் ஒன்று தாழ்வாகவும் இருக்கும். அது உட்காராவிட்டால் திருப்பிப் பிடியுங்கள். வலுக்கட்டாயமாக அழுத்தினால் டெயிலும் பிரேக்கும் இடம் மாறி எரியும்.

வாட்ஸ் ஆசை

'100/90 போடுங்க சார், பட்டப்பகல் மாதிரி இருக்கும்' என்று கடையில் சொல்வார்கள். 55 வாட்ஸ் பல்புக்கு நாலரை ஆம்பியர் ஓடும் ஒயரில் 90 வாட்ஸ் போட்டால் ஏழரை ஆம்பியர் ஓடும். முதலில் பிளாஸ்டிக் ஹோல்டர் பழுத்துக் கருகும், பிறகு ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு வெந்து மங்கும். கடைசியில் பழைய 55 வாட்ஸில் கிடைத்ததைவிடக் குறைந்த வெளிச்சம்தான் சாலைக்கு வரும்.

ஹாலஜன் கூட்டுக்குள் எல்.இ.டி. பல்ப் மாட்டுவது இன்னொரு மோகம். எச்4-ன் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது தடுப்பதால்தான், ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் ஒளி பட்டு, கீழே சாலையில் விழுகிறது. ரிஃப்ளெக்டரின் வளைவு முழுக்க அந்த இழை இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்டது. எல்.இ.டி. சில்லு இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் ஒளி சிதறி எதிரே வருபவர் கண்ணுக்குப் போகும். உங்களுக்கு வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் பளீரென்று தெரியும், தூரம் குறையும். கிட்டே அதிக வெளிச்சம் இருந்தால் கண் அதற்குப் பழகி, தூர இருட்டு இன்னும் இருட்டாகும். கம்பெனியே எல்.இ.டி. கொடுத்த காரில் கூடே அதற்கென்று செய்தது, அது வேறு விஷயம்.

முன்பு ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டும் வழக்கம் இருந்தது. அந்தப் பொட்டு செய்த வேலையை அளவோடு செய்வதுதான் மேலே சொன்ன கிண்ணம். இன்று பொட்டு தேவையில்லை.

ஒளி எங்கே விழுகிறது

இருட்டில் சரியாகத் தெரியவில்லை என்று பல்ப் மாற்றுபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த வேலைதான். பம்பர் இடித்த பிறகோ, பல்ப் மாற்றிய பிறகோ விளக்கு கொஞ்சம் தாழ்ந்தோ உயர்ந்தோ நிற்கும்.

சமதளத் தரை, எதிரே சுவர், 5 மீட்டர் இடைவெளி. டயரில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர், பின்னால் சுமை இல்லை, டேஷ்போர்டிலுள்ள ஹெட்லைட் உயர உருளை 0-வில். தரையிலிருந்து ஹெட்லைட்டின் மையம் எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் நேர்க்கோடாக டேப் ஒட்டுங்கள். டிம் போட்டால் மேல்பக்கம் இருட்டும் கீழ்பக்கம் வெளிச்சமுமாக ஒரு வெட்டுக்கோடு தெரியும். இடது முனையில் அது சற்று மேலேறும். இடது ஓரத்தில் நடப்பவரையும் பலகைகளையும் காட்ட அப்படி அமைத்திருக்கிறார்கள். ஹெட்லைட் அருகிலோ பானட்டுக்குள்ளோ 1% அல்லது 1.2% என்று அச்சிட்டிருப்பார்கள். 1% என்றால் 5 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் தாழ்வு. அதாவது, வெட்டுக்கோடு டேப்புக்கு 5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். விளக்கின் பின்பக்கம் இரண்டு திருகு இருக்கும், ஒன்று மேல்-கீழ், ஒன்று இடம்-வலம். கால் சுற்று திருப்புங்கள், சுவரைப் பாருங்கள், மீண்டும் கால் சுற்று. ஒரு விளக்கைச் சரிசெய்யும்போது மற்றதைத் துணியால் மறையுங்கள். ஆனால் நேரம் இழுக்காதீர்கள், துணி சூடாகும்.

இந்தச் சின்ன அளவு ஏன் முக்கியம்? 70 சென்டிமீட்டர் உயரத்திலுள்ள விளக்கு 1% தாழ்ந்தால் ஒளி 70 மீட்டரில் தரையைத் தொடும். அதுவே 1% உயர்ந்தால், 50 மீட்டரில் எதிரே வருபவரின் கண் உயரத்தில் போய் நிற்கும்.

டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட உருளையும் இதற்குத்தான். எண் கூடினால் வெளிச்சம் கூடும் என்று 3-ல் வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். நடப்பது நேர்மாறு: எண் கூடினால் ஒளி தாழும். முன்னால் மட்டும் ஆள் இருந்தால் 0. ஐந்து பேர் ஏறினால் 1. அதோடு டிக்கியும் நிறைந்தால் 2. ஓட்டுநர் மட்டும், டிக்கி நிறையச் சுமை என்றால் 3. பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது இதைத் திருப்ப மறந்தால், வண்டியின் பின்பக்கம் அமுங்கி, உங்கள் டிம்மே எதிரே பிரைட்டாகத் தெரியும்.

மங்கிய கண்ணாடி

ஹெட்லைட் முகப்பு கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயில் பட்டுப் பட்டு மேலுள்ள பாதுகாப்புப் பூச்சு போனதும் மஞ்சளிக்கும். சுற்றிலும் பெயின்ட்டுக்கு டேப் ஒட்டி, தண்ணீர் தெளித்துக்கொண்டே 1000, பிறகு 2000, பிறகு 3000 எண் வாட்டர் பேப்பரால் தேய்த்து, பாலிஷிங் காம்பவுண்ட் போட்டால் தெளிவாகிவிடும். இத்தோடு நிறுத்தினால் சில மாதங்களில் மறுபடி மஞ்சளாகும். மேலே யு.வி. தடுப்பு கிளியர் கோட் அடித்தால்தான் வேலை நிற்கும். டூத்பேஸ்ட் வைத்தியம் இந்தக் கடைசிப் படியைச் செய்வதில்லை. தூசியைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள், கீறும். தண்ணீர் ஊற்றிய பிறகே துடைக்க வேண்டும்.

விளக்குக்குள் காலையில் மெல்லிய ஆவி படிந்து, எரிந்த சற்று நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. துளி துளியாக வழிந்தாலோ அடியில் தேங்கினாலோ ரப்பர் மூடியையும் முகப்பின் ஒட்டையும் பாருங்கள்.

இரவுக் கூச்சத்துக்குப் பாதிக் காரணம் முன்கண்ணாடியின் உள்பக்கம். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து எழும் எண்ணெய்ப்படலம் அங்கே ஒட்டும். மாதம் ஒரு முறை கிளீனர் தெளித்துத் துடைத்து, பழைய நியூஸ் பேப்பரால் உலரத் தேயுங்கள்.

எரியவில்லை என்றால்

ஒரு பக்கம் மட்டும் எரியாவிட்டால் முதல் சந்தேகம் பல்ப். பல கார்களில் இடது வலது ஹெட்லைட்டுக்குத் தனித்தனி ஃபியூஸ் இருப்பதால் அதையும் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் போனால் ரிலே அல்லது சுவிட்ச். ஃபியூஸின் நிறமே அளவைச் சொல்லும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. எரிந்த ஃபியூஸுக்குப் பதில் அதே நிறம்தான். பெரியதைப் போட்டாலோ கம்பியைச் சுற்றினாலோ அடுத்து எரிவது ஒயர்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது, ஒரு டெயில் லைட் மட்டும் சோம்பலாக எரிகிறது என்றால் எர்த் கோளாறு. அந்த விளக்குக் கூட்டின் எர்த் ஒயர் பாடியில் முடுக்கிய இடத்தைத் துருவின்றிச் சுரண்டி இறுக்கினால் சரியாகும். இரண்டு ஹெட்லைட்டும் மங்கி, ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் பளிச்சிட்டால் பேட்டரி முனை, பெல்ட், ஆல்டர்னேட்டர் வரிசையில் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் சாதாரணமாக 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். ஹாலஜனில் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் குறையும்.

இன்ஜினை அணைத்து ஹெட்லைட்டை மறந்தால் பத்து ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும்; 35 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே ஸ்டார்ட் எடுக்கத் திணறும்.

டேஷ்போர்டு டிராயரில் ஒரு எச்4, ஒரு 21/5 பல்ப், 10, 15 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டிரண்டு, ஒரு சின்ன டார்ச் இருக்கட்டும். காரோடு கொடுத்த சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தை ஸ்டெப்னிக்கு அடியில் புதைக்காமல் டிக்கியில் கைக்கு எட்டும்படி வையுங்கள். நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் அதைக் காருக்குப் பின்னால் 50 மீட்டர், ஏறக்குறைய எழுபது காலடி, தள்ளி வைக்க வேண்டும். வைக்கப் போகும்போது சாலையில் நடக்காமல் ஓரமாக, டார்ச்சைப் பின்னால் வருபவர் பக்கம் தரையை நோக்கிப் பிடித்தபடி நடங்கள்.